மேலாளர்களுக்கு மனநலப் பயிற்சி: அரை நாளா, இரண்டு நாளா, ஆன்லைனா?

விடுப்புச் சீட்டில் யாரும் மனச்சோர்வு என்று எழுதுவதில்லை. வயிற்றுக் கோளாறு, காய்ச்சல், தலைவலி, ஊரில் விசேஷம் என்றுதான் எழுதுகிறார்கள். மனிதவளப் பிரிவுக்கு அது ஓர் எண்ணிக்கையாக மட்டும் போய்ச் சேருகிறது. சீட்டு கொடுத்தவரின் முகத்தைத் தினமும் பார்ப்பவர் லைன் சூப்பர்வைசர், இல்லையென்றால் டீம் லீட். இரண்டு மாதமாக ஒருவர் யாருடனும் பேசாமல் இருப்பதும், எட்டு மணிக்கு வருகிறவர் எட்டே முக்காலுக்கு வருவதும் முதலில் அவர் கண்ணில்தான் படும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்கள் மேலாளர் பயிற்சியைத் தனியாகவே பரிந்துரைக்கின்றன. மனச்சோர்வும் பதற்றமும் உலக அளவில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை விழுங்குவதாக அந்நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

பரிந்துரை ஒன்றுதான். ஆனால் அதன் பெயரில் விற்கப்படும் சரக்கு பலவகை. அரை நாள் பயிலரங்கு, இரண்டு நாள் மனநல முதலுதவிச் சான்றிதழ், ஆன்லைன் பாடம், ஆலோசகர் ஒப்பந்தம், உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று ஒரு சொற்பொழிவு என்று விலைப்புள்ளிகள் வந்து குவியும். எல்லாவற்றிலும் ஒரே சொற்கள் இருப்பதால் எதை வாங்குகிறோம் என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

கணக்குக்கு ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். 400 பேர், அவர்களை நேரடியாக வேலை வாங்கும் சூப்பர்வைசர்களும் டீம் லீடுகளும் 40 பேர். திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையாக இருக்கலாம், ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகம் செய்கிற ஆலையாக இருக்கலாம், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனமாகவும் இருக்கலாம். பயிற்சிக் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். மாறாத செலவு, வேலையை நிறுத்திவிட்டு உட்காரும் நேரம்:

ஆன்லைன் பாடம், ஆளுக்கு 2 மணி வீதம் 40 பேருக்கு: 80 மணி.
மனநல முதலுதவி, ஆளுக்கு 12 மணி வீதம் 8 பேருக்கு: 96 மணி. அதையே 40 பேருக்கும் கொடுத்தால் 480 மணி.
அரை நாள் நேரடிப் பயிற்சி, ஆளுக்கு 4 மணி வீதம் 40 பேருக்கு: 160 மணி. பிறகு ஒரு மணி வீதம் இரண்டு தொடர் அமர்வுகள் சேர்த்தால் 240 மணி.

இந்த 240 மணிக்குத்தான் எங்கள் ஓட்டு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மேலாளர் கையில் உண்மையில் இருப்பவை மூன்றே: வேலையின் அளவு, வேலை நேரம், விடுப்பு. இந்த மூன்றில் எதையும் தொட அவருக்கு அதிகாரம் இல்லையென்றால், எந்தப் பயிற்சி கொடுத்தாலும் அவர் கற்றுக்கொள்வது அனுதாபமாகத் தலையாட்டுவதை மட்டும்தான்.

ஆலோசகர் எண் மட்டும் போதாதா?

இது பயிற்சியே அல்ல. ஆனால் பயிற்சிக்குப் பதிலாக அதிகம் வாங்கப்படுவது இதுதான் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் ஆலோசனை நிறுவனத்துடன் ஆண்டு ஒப்பந்தம் போட்டு, கேன்டீன் சுவரில் எண்ணை ஒட்டிவிடுவார்கள். அந்த எண்ணை யாரும் அழைப்பதில்லை. அழைத்தால் மேலே தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். நமக்கு வந்திருப்பது அந்த எண்ணுக்கு உரிய பிரச்சினை என்று யாருக்கும் தோன்றாதது இன்னொரு காரணம். தூக்கம் வராதவர் தூக்க மாத்திரை தேடுவார், நெஞ்சு படபடப்பவர் இசிஜி எடுக்கப் போவார். சுவரில் இருக்கும் எண்ணுக்கும் தனக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் கை போனுக்குப் போகும். ஒப்பந்தம் தேவைதான், மேலாளர் அனுப்பி வைக்க ஓர் இடம் வேண்டுமல்லவா? அதைத் தனியாக வாங்கினால் வாசல் இல்லாத வீடு.

தியானச் செயலி, மூச்சுப் பயிற்சி, மன உறுதி வகுப்பு போன்றவற்றின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பணியாளர்களின் தகவலை வைத்து 2024ல் வெளியான ஓர் ஆய்வில், இவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. அது பரிசோதனை முறையில் நடந்த ஆய்வல்ல, கணக்கெடுப்பை வைத்து வந்த முடிவு. ஆனாலும் பட்ஜெட்டில் முதல் வரியாக இவற்றைப் போடுகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க அது போதுமான காரணம்.

ஆன்லைன் பாடம்

மலிவு, ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம், இரவு ஷிப்டுக்கும் எட்டும். ஆஸ்திரேலியாவில் மேலாளர்களுக்கென்றே உருவாக்கிய ஹெட்கோச் என்ற ஆன்லைன் பயிற்சியைச் சோதித்தபோது மேலாளர்களின் தன்னம்பிக்கை கூடியது, தாங்கள் நடந்துகொள்ளும் விதம் மாறியதாக அவர்களே சொன்னார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் மன உளைச்சலில் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. நீச்சலைப் புத்தகத்தில் படித்தவருக்கும் தண்ணீரைப் பற்றிப் பயம் குறையத்தான் செய்யும்.

இன்னொரு சங்கடம், ஆன்லைன் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசித்து எழுதப்பட்டது. அதில் வரும் பணியாளர் நேரே வந்து உட்கார்ந்து, எனக்கு மனச்சோர்வு இருக்கிறது என்கிறார். இங்கே அப்படி யார் வந்து சொல்கிறார்கள்? தலை பாரமாக இருக்கிறது, கை கால் அசதி, பசியே இல்லை, எதைப் பார்த்தாலும் எரிச்சல் என்றுதான் பேச்சு வரும். அடுத்து, அடுத்து என்று பொத்தானைத் தட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டு, வேறு டேபில் மின்னஞ்சல் பார்ப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நேரடிப் பயிற்சிக்கு முன் வீட்டுப் பாடமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மனநல முதலுதவி

2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் செவிலியர் பெட்டி கிச்சனரும் ஆய்வாளர் ஆன்டனி ஜோர்மும் தொடங்கிய திட்டம். இன்று பல நாடுகளில் நடக்கிறது. வழக்கமான வகுப்பு 12 மணி நேரம். மனச்சோர்வு, பதற்றம், மனப்பிறழ்வு, போதைப் பழக்கம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை அடையாளம் காண்பது, அணுகுவது, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது, மருத்துவ உதவிக்கு வழிகாட்டுவது என்று ஒழுங்காகக் கட்டிய பாடம். உள்ளடக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதைப் பணியிடத்துக்குக் கொண்டுவரும்போதுதான் கேள்வி எழுகிறது. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் 2018ல் அதுவரை கிடைத்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்களின் விழிப்புணர்வு கூடுகிறது என்பதற்குச் சான்று இருந்தது. அவர்கள் சக பணியாளருக்கு உதவும் திறன் நீடித்து நிற்கிறது என்பதற்குச் சான்று குறைவு. நிறுவனம் மனநலத்தை நிர்வகிக்கும் விதம் மேம்பட்டது என்பதற்குச் சான்றே இல்லை.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். முதலுதவியாளர் என்பவர் சக பணியாளர். காது கொடுப்பார், ஆலோசகரிடம் போகச் சொல்வார். டார்கெட்டைக் குறைக்கவோ ஷிப்டை மாற்றவோ அவரால் முடியாது. மேலாளரையே இந்த வகுப்புக்கு அனுப்பினால் வேறு சிக்கல் முளைக்கிறது: 12 மணி நேரம் நோய்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர் நோய்ப் பெயர் தேடத் தொடங்குகிறார். குமாருக்கு இருமுனைக் கோளாறு இருக்குமோ என்று அவர் மதிப்பீட்டுக் கூட்டத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டால், குமாரின் பதவி உயர்வு அன்றோடு போச்சு.

ஆகவே இது தன்னார்வலர்களுக்குப் பொருந்தும். 50 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் 8 பேர், ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவராவது, பெண்கள் அதிகமுள்ள இடத்தில் பாதிக்கு மேல் பெண்கள். வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியோ ஒடியாவோ பேசுகிற ஒருவர் கட்டாயம். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மனிதவளப் பிரிவு தனக்கு வேண்டியவர்களின் பட்டியலைக் கொடுக்கக் கூடாது. மக்கள் ஏற்கனவே யாரிடம் போய்ப் புலம்புகிறார்கள் என்று பார்த்தால் போதும். தளத்துக்குத் தளம் அப்படி ஓர் அக்கா இருப்பார்.

அரை நாள் நேரடிப் பயிற்சி

இதற்குக் கிடைத்திருக்கும் சான்று எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட சான்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில் 128 மேலாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் 4 மணி நேரப் பயிற்சி தந்தார்கள். அளந்தது மேலாளரின் மனநிறைவை அல்ல, கீழே வேலை செய்பவர்களின் விடுப்பை. ஆறு மாதத்தில், வேலையால் வந்த உடல்நலக் குறைவுக்கான விடுப்பு பயிற்சி பெற்றவர்களின் குழுக்களில் 1.56 விழுக்காட்டிலிருந்து 0.28 புள்ளி குறைந்தது. மற்றவர்களின் குழுக்களில் 0.95லிருந்து அதே 0.28 புள்ளி கூடியது. ஒரு பணியாளருக்கு ஆறு மாதத்தில் ஆறரை மணி நேரம் மிச்சம். செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 9.98 பவுண்டு திரும்பியது என்று 2017ல் லேன்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த கட்டுரை கணக்குக் காட்டியது.

அந்த 9.98ஐப் பயிற்சி விற்பவர்கள் எல்லோரும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதே ஆய்வில் சாதாரண நோய் விடுப்பு குறையவில்லை என்பதைப் போட மாட்டார்கள். இரு குழுக்களும் ஒரே இடத்திலிருந்து தொடங்கவில்லை. புள்ளியியல் அளவுகோலையும் மயிரிழையில்தான் தாண்டியது. நிரந்தர வேலையும் ஒழுங்கான விடுப்புப் பதிவேடும் உள்ள அரசுத் துறையில் கிடைத்த விகிதத்தைத் தினக்கூலிக்கு ஆள் வரும் இடத்தில் எதிர்பார்ப்பது வீண். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: நாலு மணி நேரம் போதும், அது முழுக்க மேலாளரின் வேலையைப் பற்றியதாக இருந்தால். அந்தப் பயிற்சியின் பாடத்திலேயே, செய்ய வேண்டியது நடைமுறை உதவி, உளச்சிகிச்சை அல்ல என்று ஒரு வரி உண்டு.

நாலு மணி நேரத்தை நாங்கள் இப்படிப் பிரிப்போம். முதல் 20 நிமிடம், அந்த நிறுவனத்தின் சொந்த விடுப்புக் கணக்கு, பெயர்கள் இல்லாமல். அடுத்த 40 நிமிடம் அறிகுறிகள். நோய்ப் பட்டியல் அல்ல. ஒருவர் வழக்கமாக இருக்கும் விதத்திலிருந்து எப்படி மாறியிருக்கிறார் என்பதைப் பார்ப்பது. கலகலப்பானவர் அமைதியாவதும் அறிகுறி, அமைதியானவர் சண்டை போடுவதும் அறிகுறி. பிறகு 15 நிமிடம் டீ. பிறகு 100 நிமிடம் பேசிப் பழகுவது, மூன்று பேர் கொண்ட குழுக்களாக: ஒருவர் மேலாளர், ஒருவர் பணியாளர், ஒருவர் கவனிப்பவர், மூன்று சுற்று, இடம் மாறி மாறி. 30 நிமிடம் தற்கொலைப் பேச்சு வந்தால் என்ன செய்வது என்பதற்கு. 25 நிமிடம் விடுப்பு, சட்டம், யாரிடம் அனுப்புவது. கடைசி 10 நிமிடம், வரும் வாரம் தான் பேச வேண்டிய ஒருவரை நினைத்து, பெயர் எழுதாமல், முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது.

100 நிமிடப் பழக்கத்தில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. நேரம் போதாமல் போகும்போது பயிற்சியாளர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். தையல் தளத்தில் ஒரு சூப்பர்வைசருக்கும் செல்வி என்ற தொழிலாளிக்கும் நடக்கும் ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். முதலில் வழக்கமான முறை. லைன் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்து மெஷின்காரர்கள் காதில் விழுகிற மாதிரி:

"என்ன செல்வி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லைங்கண்ணா."

"எல்லாருக்குந்தான் பிரச்சினை இருக்கு. மனச தைரியமா வச்சுக்க. பீஸப் பாரு."

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கதவு சாத்தியாகிவிட்டது. அதே இருவர், டீ நேரம், செக்கிங் டேபிளின் ஓரம்:

"செல்வி, அஞ்சு நிமிஷம் பேசலாமா? தப்பா ஒண்ணும் இல்ல. பத்து நாளா பார்க்கிறேன், மூணு நாள் லேட்டா வந்துட்ட. எப்பவும் மாலா கூட உட்கார்ந்து சாப்பிடுவ, இப்ப தனியா உட்கார்ற. உடம்பு எப்படி இருக்கு?"

"தூக்கமே வர்றதில்லைங்கண்ணா. விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. நெஞ்செல்லாம் படபடங்குது."

"எத்தன நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்தேங்கண்ணா."

"ஒரு மாசத்துக்கு மேல தூக்கம் இல்லாம வேலைக்கு வர்ற. கஷ்டந்தான். இங்க வேலைல எது ரொம்ப பாரமா இருக்கு?"

"ராத்திரி ஓ.டி.தாங்கண்ணா."

"இந்த வாரம் ஓ.டி. வேண்டாம்னு வச்சுக்கலாமா? காசு குறையும். உனக்குச் சரியா வருமான்னு யோசிச்சு சாயங்காலம் சொல்லு. டாக்டரப் பார்க்க நாளைக்கு மதியம் போறியா, வியாழக்கிழமை போறியா? வெள்ளிக்கிழமை டீ டைம்ல மறுபடி பேசுவோம்."

தான் கண்ணால் பார்த்ததை எண்ணிக்கையோடு சொன்னார். மனதைக் கேட்காமல் உடம்பைக் கேட்டார். நம் ஊரில் மனதுக்குப் போகும் பாதை உடம்பு வழியாகத்தான் போகிறது. எத்தனை நாளாக என்று கேட்டார், ஏனென்றால் இரண்டு வாரம் தாண்டிய தூக்கமின்மையும் உற்சாகமின்மையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. காரணம் தோண்டவில்லை. புருஷன் குடிக்கிறாரா, மாமியார் சண்டையா என்பது அவருக்குத் தேவையே இல்லை. தன் கையில் இருக்கும் ஒன்றை முன்வைத்தார். ஓ.டி.யை நிறுத்தினால் கூலி குறையும் என்பதால் தானாக வெட்டாமல் கேட்டார். உதவி என்று நினைத்து ஓ.டி.யை வெட்டி, வட்டிக்காரனிடம் மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. மருத்துவரிடம் போகிறாயா என்று கேட்காமல் எந்த நாள் என்று கேட்டார். அடுத்த பேச்சுக்கு நாள் குறித்தார். எழுதுவதற்குத்தான் இத்தனை வரி, மொத்தமே மூன்று நிமிடப் பேச்சு.

இடம் பற்றி ஒரு வார்த்தை. மேலைநாட்டுப் பாடங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில் பேசச் சொல்லும். ஆண் சூப்பர்வைசர் ஓர் இளம்பெண்ணை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினால், மறுநாள் தளம் முழுக்க வேறு பேச்சு ஓடும். அந்தப் பெண்ணும் நடுங்கிப்போவாள். மற்றவர் பார்க்க முடிய வேண்டும், கேட்கக் கூடாது. அந்த மாதிரி இரண்டு இடங்களைப் பயிற்சிக்கு முன்பே தளத்தில் பார்த்து வைத்துக்கொள்ளலாம். பேச்சில் பாலியல் தொல்லை வெளிப்பட்டால் அது மனநல விஷயமாக முடிந்துவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவிடம் போக வேண்டும்.

மென்பொருள் நிறுவனத்தில் இடப் பிரச்சினை இல்லை, வேறொன்று உண்டு. டீம் லீடுகள் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் பேசுவார்கள். ஒரே மாதத்தில் அந்த லீட் இலவச ஆலோசகராகிவிடுவார், தன் தூக்கத்தையும் தொலைப்பார். ஒரு பேச்சு 20 நிமிடத்துக்குள், வேலை நேரத்துக்குள். அதற்கு மேல் தேவைப்பட்டால் அது ஆலோசகரின் வேலை.

ஒரு வகுப்புக்கு 12 முதல் 15 பேர்தான். 40 பேரை மூன்று வகுப்பாகப் பிரிக்க வேண்டும். கூடத்தில் 40 பேரை உட்கார வைத்தால் அது கூட்டம். தொழிற்சாலை மேலாளரையும் அவருக்குக் கீழுள்ள சூப்பர்வைசரையும் ஒரே வகுப்பில் போட்டால் சூப்பர்வைசர் வாயே திறக்க மாட்டார். மேல்மட்டத்தினரை முதல் வகுப்பாக நடத்துவது நல்லது. அவர்கள் வரவில்லையென்றால் இது முக்கியமில்லாத சமாச்சாரம் என்று கீழே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

தற்கொலைப் பேச்சு வந்தால்

இதற்குத்தான் மேலாளர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை. சுற்றி வளைக்காமல், "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் தனியாக விடக் கூடாது. கூடவே ஒருவர் இருக்க வேண்டும், அவர் சம்மதிக்கும் குடும்பத்தினரை அழைக்க வேண்டும், 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் பேச வைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்த அரசு சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044 24640050. உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது அருகிலுள்ள மருத்துவமனை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மேலாளர் முன்கூட்டியே சத்தியம் செய்யக் கூடாது. சொல்ல வேண்டியது இது: "உங்க உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் ரெண்டு பேர்கிட்ட சொல்வேன், யார்கிட்டன்னு உங்ககிட்ட முதல்ல சொல்வேன்." போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017ன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிப்பது அல்ல, பராமரிப்பதுதான் அரசின் கடமை.

பயிற்சி வாங்கும் முன் நிறுவனம் செய்ய வேண்டியது

சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் என்னென்ன தரலாம் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். உதாரணமாக: மருத்துவரைப் பார்க்க மாதம் இரண்டு முறை அரை நாள் அனுமதி, இரண்டு வாரம் வரை ஷிப்ட் மாற்றம், இரண்டு வாரம் வரை டார்கெட் குறைப்பு. அதற்கு மேல் யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் அதே தாளில். இந்தத் தாள் இல்லாமல் பயிற்சி கொடுத்தால் மேலே நாம் பார்த்த பேச்சு பாதியிலேயே நின்றுவிடும்: ஓ.டி. வேண்டாம் என்று சொல்ல அந்தச் சூப்பர்வைசருக்கு அதிகாரம் இருக்காது.

இ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு நோய்ப் பயனாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பதும், சில தீவிர மனநோய்களுக்கு அதைவிட நீண்ட பயன் உண்டு என்பதும் சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களுக்கு இந்த ஒரு தகவல் ஆறுதல் வார்த்தைகள் அனைத்தையும்விடப் பெரிது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் உள்ளடக்கியது என்பதை மனிதவளப் பிரிவு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

சிகிச்சைக்குப் பின் திரும்பி வருபவரிடமிருந்து பொறுப்புகள் முழுவதையும் பிடுங்கிவிட்டு, பாவம் ஓய்வெடுக்கட்டும் என்று மூலையில் உட்கார வைப்பதும் ஒரு தண்டனைதான். முதல் வாரம் பாதி வேலை, இரண்டாம் வாரம் முக்கால், பிறகு முழுசு என்று அவரோடு பேசி வகுத்துக்கொண்டால் போதும்.

வேலையே நோயாக இருந்தால்

மேலாளரைப் பயிற்றுவிப்பதற்கும் வேலையை ஒழுங்குபடுத்துவதற்கும் போட்டி இல்லை, ஆனால் எது முதலில் என்ற கேள்வி உண்டு. பணியிட மன அழுத்தம் பற்றிய பிரிட்டனின் நிர்வாகத் தரநிலைகள் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கின்றன: வேலைச்சுமை, வேலையின் மீது கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். ஜப்பான் 2015 டிசம்பர் முதல் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள பணியிடங்களில் ஆண்டுக்கொரு மன அழுத்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. தனி ஆளின் முடிவு அவர் சம்மதம் இல்லாமல் முதலாளிக்குப் போகாது. 10 பேருக்குக் குறைவான குழுவின் முடிவும் பொதுவாகப் போகாது, ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால். இங்கே கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் கடன் வாங்க வேண்டிய விதி அது.

கணக்கெடுப்பில் ஒரே துறை மட்டும் தனித்து மோசமாகத் தெரிந்தால் அங்கே பயிற்சி வேலைக்கு ஆகாது. மூன்று பேர் வேலையை இருவர் செய்கிறார்களா, வாராவாரம் ஏற்றுமதிக் கெடு மாறுகிறதா, அல்லது அந்தத் துறையின் மேலாளரே கத்துகிறவரா என்று பார்க்க வேண்டும். கடைசி வகையினரைப் பயிற்சிக்கு அனுப்பித் திருத்திவிடலாம் என்பது நிறுவனங்களின் பிடித்தமான கற்பனை. அவர் வகுப்பில் எல்லா விடையும் சரியாகச் சொல்வார், சான்றிதழ் வாங்கி மேசையில் வைப்பார், மறுநாள் கத்துவார். அது ஒழுங்கு நடவடிக்கை விஷயம்.

அளப்பது

வகுப்பு முடிந்ததும் வாங்கும் கருத்துப் படிவத்தை நம்பக் கூடாது. சாப்பாடு நன்றாக இருந்தாலே நாலரை மதிப்பெண் வந்துவிடும். பயிற்சிக்குப் பிந்தைய ஆறு மாதம், அதற்கு முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதம் என்று இரண்டு காலத்துக்கும் நோய் விடுப்பு நாட்கள், ராஜினாமாக்கள், ஆலோசகரிடம் போனவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே பருவத்தை ஒப்பிடுவது முக்கியம். பொங்கலும் தீபாவளியும் விழும் அரையாண்டை மற்றதோடு ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும். ஆலோசகரிடம் போகிறவர்கள் முதல் மூன்று மாதத்தில் கூடினால் பதற வேண்டாம். புதிதாக நோய் முளைக்கவில்லை, வழி திறந்திருக்கிறது.

30ஆம் நாளும் 90ஆம் நாளும் நடக்கும் ஒரு மணி அமர்வுகளில் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். பேசினீர்களா, எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எந்த அனுமதி மேலே நின்றுபோயிற்று என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை அன்றே நிர்வாகத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

30 பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய இடத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. முதலாளியும் இரண்டு சூப்பர்வைசர்களும் அரை நாள் பேசிப் பழகினால் போதும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவின் வெளிநோயாளி நேரத்தை விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி தர வருகிறவரிடம் ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை: நாலு மணியில் எத்தனை நிமிடம் எங்கள் ஆட்கள் பேசுவார்கள், எத்தனை நிமிடம் நீங்கள் பேசுவீர்கள்? உதாரணப் பேச்சுகள் தமிழில் இருக்கின்றனவா, அல்லது ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தவையா? 90ஆம் நாள் நீங்களே வருவீர்களா? முதல் கேள்விக்கு 60 நிமிடத்துக்குக் குறைவாகப் பதில் வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அடுத்தவரைக் கூப்பிடலாம்.